அம்மா ஏன் கான்கிரீட் வீட்டில் படுப்பதில்லை?

கடிதம்:

"சார், நாங்கள் பணியர் பழங்குடி. பந்தலூர் வட்டத்தில், எருமாடு தாண்டி கேரள எல்லையை ஒட்டிய வயலோரத்தில் எங்கள் பாடி (குடியிருப்பு). மொத்தம் பதினொரு வீடு. எங்களுடையது அப்பா காலத்தில் கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடு. மழைக்காலத்தில் உள்ளே ஐந்து இடத்தில் பாத்திரம் வைப்போம். அம்மா அதில் படுப்பதே இல்லை. பக்கத்தில் மூங்கிலும் தார்ப்பாயும் வைத்து ஒரு சாளை போட்டு, அதில் அடுப்பு மூட்டி, அங்கேயே படுத்துக்கொள்கிறார். இப்போது ஜன்மன் திட்டத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் புது வீடு வந்திருக்கிறது. ஒரு காண்ட்ராக்டர் வந்து, பாஸ்புக்கைக் கொடுங்கள், இந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். பாடிக்கு ரோடு இல்லை, அதனால் வேறு யாரும் வரமாட்டார்கள் என்றும் சொல்கிறார். எல்லைக்கு அந்தப் பக்கம் நூல்புழாவில் இருக்கும் என் சித்திக்கு ஆறு லட்சத்தில் வீடு கிடைத்தது. எங்களுக்கு மட்டும் ஏன் குறைவு? அம்மா மண் வீடே போதும் என்கிறார். மண்ணில் கட்டலாமா?"

(பெயரும் பாடியின் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

தங்கச்சி,

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பாஸ்புக்கையும் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

அவர் நீட்டியது அநேகமாக வங்கியில் பணம் எடுக்கும் சீட்டாக இருக்கும், தொகை எழுதாமல். எனக்கு எப்படித் தெரியும் என்றால், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே அப்படி வாங்கிக்கொடுத்தவன். ஒரு காண்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். வேறொரு மலையில், பதினான்கு வீடு. பதினான்கு பாஸ்புக்கும் ஒரே மஞ்சப்பையில் என் சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கும். மார்ச் முடிவதற்குள் கணக்கை முடிக்க வேண்டும் என்று மேலே இருந்து நெருக்கடி. இருபத்தொன்பதாம் தேதி ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் கடைசி வீட்டுக்கு ரூஃப் போட்டோம். கான்கிரீட் போட்டால் அதன்மேல் இரண்டு வாரமாவது தண்ணீர் தேக்கி வைக்க வேண்டும். தண்ணீர் கீழே ஓடையில் இருந்தது, குடத்தில் சுமந்து மேலே ஏற்ற ஆளுக்குக் கூலி தர முதலாளிக்கு மனமில்லை. மூன்று நாள் நனைத்தோம், விட்டுவிட்டோம். அந்தப் பதினான்கு வீடும் அடுத்த ஜூனிலேயே ஒழுகின. உங்கள் வீட்டில் ஐந்து பாத்திரம் வைக்கும் கதையைப் படித்தபோது எனக்கு அந்த மஞ்சப்பைதான் ஞாபகம் வந்தது.

இப்போது விதி என்ன என்று பார்ப்போம். ஜன்மன் என்பது 2023 நவம்பர் 15-ல் ஜார்க்கண்டின் குந்தியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். அரசு, 'குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகள்' என்று வகைப்படுத்தியிருக்கும் 75 சமூகங்களுக்கானது. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பேரும் அதில் வருகிறார்கள். திட்டம் தொடங்கியபோது ஒரு வீட்டுக்கு வைத்த கணக்கு 2.39 லட்சம். கட்டுமானத்துக்கு 2 லட்சம், கழிப்பறைக்கு 12,000, மீதி நூறு நாள் வேலைத் திட்டத்தில் உங்கள் வீட்டு வேலைக்கென்றே வைத்த 90, 95 நாள் கூலி. மாநில அரசு அதன்மேல் போடும் பணம் தனி. உங்கள் வேலை உத்தரவில் மொத்தத் தொகை இருக்கும். அதன் நகல் கையில் இல்லையென்றால் ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். காண்ட்ராக்டர் வாயால் சொல்லும் தொகையை நம்ப வேண்டாம்.

பணம் தவணை தவணையாக உங்கள் கணக்குக்குத்தான் வரும். பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப் என்று ஒவ்வொரு கட்டத்திலும் வீட்டைப் போட்டோ எடுத்து ஏற்றிய பிறகே அடுத்த தவணை. வீட்டைப் பயனாளியே கட்ட வேண்டும், காண்ட்ராக்டரை இறக்கக் கூடாது என்பது பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தின் நெறிமுறை. ஜன்மன் வீடுகளும் அந்த வழியில்தான் நடக்கின்றன. அதற்காகக் கொத்தனாரைக் கூப்பிடக் கூடாது என்று அர்த்தமில்லை. யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும், அவ்வளவுதான். கொத்தனாருக்குக் கூலியை வேலை முடிந்த அளவுக்குக் கொடுங்கள், முன்பணமாக அல்ல.

சித்தி வீட்டு ஆறு லட்சம் பற்றி. அது கேரள அரசின் லைஃப் திட்டமாக இருக்கும். அதில் பொதுவாக வீட்டுக்கு 4 லட்சம், எட்டாத பழங்குடிக் குடியிருப்புகளில் 6 லட்சம். ஒரு வேடிக்கை தெரியுமா? சித்திக்கு ஜன்மன் கிடைக்காது. பணியர் தமிழ்நாட்டுப் பட்டியலில் நலிவுற்ற பழங்குடி, கேரளப் பட்டியலில் வெறும் பழங்குடி. கேரளத்தில் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் சோலநாயக்கர், காட்டுநாயக்கர், காடர், குறும்பர், கொரகர். அதே காடர் வால்பாறைப் பக்கம் வந்தால் நம் பட்டியலில் இல்லை. ஒரே வயலின் இரண்டு கரையில் ஒரே குடும்பம், இரண்டு அரசாங்கத்துக்கு இரண்டு விதமான மனிதர்கள். இதற்கு நானும் நீங்களும் இப்போதைக்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆறு லட்சத்தோடு ஒப்பிட்டு மனம் வெதும்பாமல், கையில் இருப்பதை எங்கே கசியவிடாமல் பிடிப்பது என்று பார்ப்போம்.

சரி, அம்மாவுக்கு வருகிறேன். பழக்கதோஷத்தில் பிடிவாதம் பிடிக்கிறார் என்று ஓவர்சியர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. உங்கள் கடிதத்தில் அவர் எங்கே படுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்: அடுப்புக்குப் பக்கத்தில். அதுதான் விஷயம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலே காணாத ஊரில், நெருப்பில்லாத கான்கிரீட் அறை என்பது ஈரப்பெட்டி. சுவர் தரையிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், ரூஃப் மேலிருந்து உறிஞ்சும், துணி காயாது, சுவரில் பச்சை படரும். பழைய மூங்கில் வீட்டில் அடுப்பு உள்ளேயே எரிந்தது. அந்தச் சூடு வீட்டைக் காய வைத்தது. புகை மேலே ஏறிக் கூரைப் புல்லையும் மூங்கிலையும் பூச்சியிடமிருந்து காப்பாற்றியது. பரணில் வைத்த விறகு மழையிலும் காய்ந்து கிடந்தது. புது வீட்டைக் கட்டியவர்கள் அடுப்பை எடுத்துவிட்டு, அது செய்துகொண்டிருந்த வேலைகளுக்கு மாற்று எதுவும் வைக்கவில்லை. அம்மா அடுப்பைத் தேடி வெளியே போய்விட்டார். இதில் புரியாமல் இருக்க என்ன இருக்கிறது?

ஆகவே புது வீட்டை அடுப்பிலிருந்து தொடங்குங்கள். பிளான் போடுவதற்கு முன் ஒரு நாள், இடத்தைச் சுத்தம் செய்து, தரையில் சாம்பலால் கோடு போடுங்கள். திட்டப்படி வீடு குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 270 சதுர அடி, சமைக்கும் இடமும் சேர்த்து. அம்மாவை அந்தக் கோட்டுக்குள் உட்காரவைத்து, அடுப்பு எங்கே, விறகு எங்கே, படுக்கை எங்கே, வாசல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பின்பக்கம் மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் பாதித் தட்டியுமாக ஒரு சமையல் தாழ்வாரம் வரட்டும். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டுப் புகை போக வழி செய்யுங்கள். மேலே பரண். படுக்கும் அறையின் ஒரு சுவர் அடுப்போடு பொதுவாக இருந்தால் அந்தச் சுவரே ராத்திரி சூடு கொடுக்கும். தட்டிக்கு உண்ணிக்குச்சியை (லாண்டானா) பயன்படுத்தலாம். காட்டைத் தின்றுகொண்டிருக்கும் களைதான், வெட்டினால் வனத்துக்கும் நல்லது. நம் நீலகிரி ஆதிவாசிகள் அதே உண்ணிக்குச்சியில் ஆளைவிடப் பெரிய யானைகள் செய்து லண்டன் பூங்காக்கள் வரை அனுப்பினார்கள். ஒரு தட்டி முடைவது பெரிய விஷயமா?

அடுத்தது இடம். வயலோரம் என்று எழுதியிருக்கிறீர்கள். வயலோரத்தில் தண்ணீர் மட்டம் மழைக்காலத்தில் தரைக்கு ஓரடி கீழே வரை வந்துவிடும். பேஸ்மட்டம் தரையிலிருந்து குறைந்தது இரண்டடி ஏற வேண்டும், கருங்கல்லில். அதன் தலையில், சுவர் எழுப்புவதற்கு முன், ஈரம் ஏறாமல் தடுக்க நீர்த்தடுப்புப் பொடி கலந்த சிமெண்டுக் கலவை ஒரு அங்குலம். பெரிய செலவில்லை. எல்லாக் கொத்தனாரும் இதை மறப்பார்கள். நீங்கள் மறக்காதீர்கள்.

ஈரத்துக்குப் பயந்து பின்னால் இருக்கும் மேட்டை வெட்டி அதில் வீடு வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். செங்குத்தாக வெட்டிய மண்ணுக்குக் கீழே படுப்பது வயலில் படுப்பதைவிட மோசம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டு நிலச்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் என்ன ஆயின என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேட்டை ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வெட்டாமல், வீட்டுக்கும் மேட்டு அடிவாரத்துக்கும் நடுவில் பத்தடியாவது விட்டு, மேலிருந்து வரும் தண்ணீரை இரண்டு பக்கமும் திருப்பிவிடும் கால்வாயை முதலில் வெட்டுங்கள்.

நிலம் யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. இது முக்கியம். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு 'செக்ஷன் 17' என்றாலே போதும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நிலம்பூர் கோவிலகம் போன்ற ஜன்மிகளிடம், அதாவது பரம்பரை நிலவுடைமையாளர்களிடம், இருந்த நிலங்களை எடுக்க 1969-ல் கூடலூர் ஜன்மம் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் 17-ஆம் பிரிவுக்குள் வந்த நிலங்கள் அரை நூற்றாண்டாக வழக்கிலும் இழுபறியிலும் கிடக்கின்றன. அங்கே குடியிருப்பவர்களுக்குப் பட்டாவும் இல்லை, பலருக்கு மின்சாரமும் இல்லை. உங்கள் பாடி அந்த நிலத்திலா, வன நிலத்திலா, எஸ்டேட் நிலத்திலா என்பதை வருவாய்த் துறையிடம் எழுத்தில் கேளுங்கள்.

வன நிலம் என்றால் 2006 வன உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்தால் உரிமை கேட்கலாம். பழங்குடிகளுக்கு மூன்று தலைமுறைக் கணக்குக் கிடையாது. உரிமைப் பட்டயம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும். விற்க முடியாது, பிள்ளைகளுக்குப் போகும். 'ரெக்கார்டு இல்லையே' என்று பலரும் பின்வாங்கிவிடுகிறார்கள். பாடியின் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அது சான்று. பழைய கிணறு சான்று. உங்கள் முன்னோரைப் புதைத்த இடம் சான்று. உங்கள் தெய்வம் இருக்கும் மரத்தடி சான்று. விதிகளிலேயே இப்படித்தான் இருக்கிறது. மனு கிராம சபை வழியாகப் போக வேண்டும். வீட்டு வேலையை நிறுத்திவிட்டு இதற்குக் காத்திருக்கச் சொல்லவில்லை, இரண்டையும் ஒன்றாக நடத்துங்கள். வீடு முடிந்த பிறகு யாருக்கும் நில மனுவில் அக்கறை இருக்காது.

இனி, மண்ணில் கட்டலாமா என்ற கேள்வி. கட்டலாம் என்பதே என் அபிப்பிராயம், ஆனால் அம்மா நினைக்கும் அந்தப் பழைய மண் அல்ல.

ரோடு இல்லை என்று காண்ட்ராக்டர் பயமுறுத்தினார் அல்லவா? அதையே கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 270 சதுர அடி வீட்டை வழக்கமான முறையில் கட்டினால் சிமெண்ட் நூறு மூட்டையைத் தாண்டும், மணல் ஏறக்குறைய ஐந்து யூனிட். மணல் மட்டும் இருபது டன்னுக்கு மேல். ஆள் ஒரு நடைக்கு முப்பது கிலோ சுமந்தால் ஒரு வீட்டு மணலுக்கே எழுநூறு நடை. இதோடு ஜல்லி, கம்பி, பிளாக். பாடிக்குள் வந்து சேருவதற்குள் பொருளின் விலை எங்கேயோ போய்விடும். உங்கள் மாதிரி இடத்தில் வீட்டின் விலையைத் தீர்மானிப்பது சுமைகூலி. எது அங்கேயே கிடைக்கிறதோ அதில் கட்டுவதுதான் சிக்கனம். அங்கே கிடைப்பது மண்.

நான் சொல்வது அழுத்திய மண்கட்டி. கையால் இழுத்து அழுத்தும் இரும்பு மெஷின் இருக்கிறது. ஆரோவில்லில் இதற்கென்றே பல வருடமாக ஆராய்ச்சி செய்து மெஷினும் செய்கிறார்கள். மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் சேர்த்து அழுத்தி, நிழலில் அடுக்கி, நாலு வாரம் ஈரமாக வைத்தால் கட்டி தயார். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். பதினொரு வீட்டுக்கும் ஒரே மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

எந்த மண்ணும் ஆகாது. இப்படிச் சோதியுங்கள்: மேல்மண்ணை ஒன்றரை அடி வழித்துவிட்டு, கீழே இருக்கும் செம்மண்ணை ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி போடுங்கள். ஒரு சிட்டிகை உப்பு, மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று கோடு கோடாகப் படியும். மணல் பாதிக்கு மேலும் களி ஐந்தில் ஒரு பங்கு அளவிலும் இருந்தால் நல்ல மண். களி அதிகமென்றால் கட்டி வெடிக்கும், கொஞ்சம் எம்சாண்ட் கலக்க வேண்டும். வயலில் இருக்கும் கறுப்பு மண்ணைத் தொடாதீர்கள். அது நெல்லுக்கு நல்லது, சுவருக்கு அல்ல.

ஓவர்சியர் 'மண் வீடு பக்கா வீடாகாது' என்று சொன்னால், நெறிமுறையில் பக்கா வீடு என்பதற்கு என்ன விளக்கம் இருக்கிறது என்று கேளுங்கள். சாதாரணப் பராமரிப்போடு முப்பது வருடம் வெயில் மழை தாங்க வேண்டும் என்பதுதான். எந்தப் பொருளில் என்று இல்லை. உள்ளூர்ப் பொருளில் கட்டும் மாதிரிகளைப் பயனாளிக்குக் காட்ட வேண்டும் என்றும் அதே நெறிமுறை சொல்கிறது. இதை வாய்ச்சண்டையாக்காமல் மனுவாக எழுதி, பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டு பி.டி.ஓ.விடம் (வட்டார வளர்ச்சி அலுவலர்) கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு சீல் வாங்குங்கள். அப்படியும் முடியாது என்றால் சண்டையில் ஒரு மழைக்காலத்தைத் தொலைக்காதீர்கள். செங்கல்லுக்குப் போய்விடுங்கள். அப்போதும் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளமெங்கும் பழக்கிவிட்டுப் போன எலிப்பொறிக் கட்டு இருக்கிறது. செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிற்கவைத்து, நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்குவது. செங்கல் நாலில் ஒரு பங்கு மிச்சமாகும். வயநாட்டுப் பக்கம் இதில் கைதேர்ந்த கொத்தனார்கள் இருப்பார்கள், சித்தியை விட்டு விசாரிக்கச் சொல்லுங்கள்.

மூங்கில்? சுவருக்கு நடுவில் வேண்டாம், தாழ்வாரத்துக்கும் பரணுக்கும் தாராளமாக. சட்டத்தின் பார்வையில் மூங்கில் சிறு வன மகசூல்தான், உரிமை பெற்றவர்கள் எடுக்கலாம். வெட்டிய மூங்கிலைப் போராக்ஸும் போரிக் ஆசிட்டும் கரைத்த தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்தால் உளுத்துப்போகாது. கால் தரையில் படக் கூடாது, கல்மேல் நிற்க வேண்டும்.

கூரையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். இந்த மழைக்குத் தட்டைக் கூரை போட்டவர்கள் யாரும் இங்கே ஒரு ஜூலை தங்கியதில்லை என்று நினைக்கிறேன். சரிவுக் கூரை, நாலு பக்கமும் இரண்டரை, மூன்றடி வெளியே நீட்டிக்கொண்டு. சுவரை மழை தொடாவிட்டால் மண் சுவரும் நிற்கும், தொட்டால் எந்தச் சுவரும் ஒரு நாள் நனையும். இரும்புக் குழாய் சட்டத்தின்மேல் மங்களூர் ஓடு என்பது என் விருப்பம். குரங்கு ஓட்டைப் புரட்டும், உடைக்கும், தெரியும். வருடத்துக்கு இருபது ஓடு மாற்ற வேண்டியிருக்கும். ஷீட் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒரு பாடியில் ஒரு பாட்டி என்னிடம் சொன்னது இது: தகரத்தில் மழை விழுந்தால் யானை வந்தது காதில் விழாது. அதற்குப் பிறகு நான் யாருக்கும் ஷீட்டைத் தனியாகச் சிபாரிசு செய்வதில்லை.

உங்கள் வேலை உத்தரவில் 'கான்கிரீட் கூரை' என்று இருந்தால் அதையும் சரிவாகவே போடச் சொல்லுங்கள். தட்டையாகத்தான் போடுவோம் என்று ஒற்றைக்காலில் நின்றால், நீளமான சன்ஷேடும் அதன் அடியில் தண்ணீர் சுவருக்கு ஓடிவராமல் வெட்டும் சின்னப் பள்ளமும் கேளுங்கள். பின்னால் காசு சேரும்போது மேலே இரும்புச் சட்டம் (ட்ரஸ்) போட்டு ஓடு வேயலாம். கேரளத்தில் பாதி மொட்டைமாடிகளுக்கு மேல் இப்போது அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்கள்.

யானை என்றதும் இன்னொன்று. 'அரிசி ராஜா' என்று பெயர் வாங்கிய பி.எம். 2 ஞாபகம் இருக்கும். 2022 டிசம்பரில் பந்தலூரில் பிடித்து முதுமலையில் கொண்டுபோய் விட்டார்கள். அது நடந்தே எல்லை தாண்டி, ஜனவரியில் சுல்தான் பத்தேரிக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. எந்தச் சுவரைக் கட்டியும் இப்படி ஒன்றைத் தடுக்க முடியாது. அது எதற்காகச் சுவரை உடைக்கிறதோ அதை நகர்த்தலாம். அரிசி, உப்பு இரண்டையும் வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மூடி இறுக்கமான டிரம்மில் போட்டு வீட்டின் நடுவில் வையுங்கள். அதற்கு எதிர்ப்பக்கம் படுங்கள், அந்தப் பக்கம் ஒரு கதவும் இருக்கட்டும். ஒரே வாசல் வைத்த அரசாங்க வீட்டு பிளானை இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஒத்துக்கொள்வதில்லை.

கழிப்பறை: வயலோரத்தில் ஆழக்குழி தோண்டினால் அது கிணற்றோடு கலந்துவிடும். ஆழம் குறைந்த இரட்டைக் குழி, மேடான தரையில், ஆனால் கிணற்றுக்கு மேல்பக்கம் வராமல், கிணற்றிலிருந்து முப்பத்தைந்து அடியாவது தள்ளி. தண்ணீர்க் குழாய் வருமுன் கழிப்பறை கட்டினால் அது விறகுக் கொட்டகையாகும். நாங்கள் கட்டிய பதினான்கிலும் விறகுதான் இருந்தது.

பணம் போதாது என்பதை மறைக்க விரும்பவில்லை. உதாரணத்துக்கு, ஒரு காண்ட்ராக்டர் சதுர அடிக்கு இரண்டாயிரம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கில் 270 சதுர அடிக்கு ஐந்து லட்சத்துக்கு மேல். நீங்கள் அதைக் குறைக்கக்கூடிய இடங்கள் இரண்டு, சுமைகூலியும் காண்ட்ராக்டர் லாபமும். பதினொரு வீட்டுக்கும் சிமெண்ட், கம்பி, ஓடு மூன்றையும் சேர்த்து வாங்குங்கள். ஆனால் கணக்கு அவரவர் கணக்காகவே இருக்கட்டும். ஒரே கொத்தனார் குழு, வீடு வீடாக. உங்கள் பையன்களும் பெண்களும் அவர்களோடு சித்தாளாக நிற்கட்டும். ஊரகக் கொத்தனார் பயிற்சி என்று 45 நாள் பயிற்சியும் இந்த வீட்டுத் திட்டத்தோடு சேர்ந்தே இருக்கிறது, ஒன்றிய அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். மூன்றாவது வீடு வருவதற்குள் உங்கள் ஆட்களே சுவர் கட்டுவார்கள். நடக்கிற காரியம்தான். கேரளத்தின் அட்டப்பாடியில் அஹாட்ஸ் (அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கம்) காலத்தில் ஊர்களில் சமிதி அமைத்து, அந்தந்த ஊர்க்காரர்களே முன்னின்று வீடு கட்டினார்கள். இன்றும் அந்தப் பக்கம் போனால் 'இது அஹாட்ஸ் வீடு' என்று மரியாதையோடு காட்டுவார்கள்.

பற்றாக்குறைக்குக் குழுக் கடன் வாங்காதீர்கள். வாரத் தவணைக் கடனில் கட்டிய வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கி நான் பார்த்ததில்லை. உள்பூச்சும் தரை டைல்ஸும் இரண்டு வருடம் காத்திருக்கும். பேஸ்மட்டமும் கூரையும் காத்திருக்காது. எங்கே மிச்சம் பிடிப்பது என்று குழம்பினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீடு யார் பெயரில் என்று பாருங்கள். பெண் பெயரில், அல்லது இருவர் பெயரில் சேர்த்துக் கொடுப்பதுதான் முறை. அம்மா பெயரில் இருந்தால் எனக்கு சந்தோஷம். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை நடக்கிறது. அடுத்தது எப்போதோ, பதினொரு வீட்டிலிருந்தும் ஆளுக்கொருவராவது போய், எங்கள் வீட்டை நாங்களே கட்டுகிறோம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்துவிட்டு வாருங்கள். காண்ட்ராக்டர் மறுபடி வந்தால் அந்தத் தீர்மானத்தின் நகலைக் காட்டினால் போதும், நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை.

காலம் முக்கியம். மண்கட்டி அழுத்த ஜனவரி, பிப்ரவரி. மே மாதத்துக்குள் கூரை ஏறிவிட வேண்டும். ஏறாது என்று ஏப்ரலிலேயே தெரிந்துவிட்டால், பேஸ்மட்டத்தோடு நிறுத்தி அதைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு அக்டோபர் வரை பொறுங்கள். மார்ச் கணக்கு என்று யார் அவசரப்படுத்தினாலும், தாமதத்துக்கான காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் பொறுங்கள். அதுவரை சிமெண்ட் வாங்கி அடுக்காதீர்கள், நம் ஊர் ஈரத்தில் இரண்டு மாதத்தில் கல்லாகிவிடும். சாம்பல் கோடு போட்ட அன்றைக்கு, அம்மா அடுப்பை எங்கே வைத்தார் என்று மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அதை வைத்துப் பிளான் வரைந்து தருகிறேன்.